பாத்திரம் கழுவியதற்குச் சாட்சி

என் வழக்கை முதலில் விசாரித்தவர்கள் நீதிபதிகள் இல்லை, ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் அன்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் கல்கத்தா கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸிலிருந்து நம்மூர்ப் பெண்கள் ஆரஞ்சுப் பழப் பைகளோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு ஆரம்பித்தார்கள்.

"ஓட்டைல ஊதிப் பாத்தியா? சோறு அடைச்சிருக்கும்."

"தண்ணி குறைச்சலா விட்டுட்டியோ?"

"கேஸ்கெட்டு பழசா இருந்திருக்கும்லா?"

ஊதிப் பார்த்தேன். தண்ணீர் சரியாகத்தான் விட்டேன். குக்கரே புதுசு. படுத்தபடி இதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தப்பு என் மேல் என்று ஆகிவிட்டால், தப்புச் செய்யாத அவர்கள் வீட்டில் குக்கர் வெடிக்காது. அந்த நிம்மதியோடு போய் ராத்திரிக்குச் சமைக்கலாம். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு எல்லோரையும் விளக்குமாற்றால் அடிக்கவேண்டும் போல இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. எனக்கு அதே பக்கத்தில், கப்பல் சரக்கு விடுவிக்கும் ஒரு ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பூஜை போனஸ் வந்ததும் கிடர்பூர்க் கடைவீதியில் ஒரு புதுக் குக்கர் வாங்கினோம். குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை அதில் பருப்பு வைத்தேன். விசில் வரவில்லை. வழக்கத்தைவிட நேரமாகிறதே என்று அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன். மூடி கிளம்பி முகத்தில் அடித்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது டாக்ஸி. கீழ்வீட்டு வங்காளிப் பெண், நான் பௌதி (அண்ணி) என்று கூப்பிடுகிறவள், தன் புடவையைச் சுற்றி என்னை மடியில் போட்டுக்கொண்டு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கடைசிவரை என்னை ஒரு கேள்வியும் கேட்காதவள் அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சமையலறைச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. குக்கரைக் காணவில்லை.

"குக்கர் எங்கே?" என்றேன்.

"போகி வருதுல்லா, வித்துட்டேன்" என்றார் என் கணவர். "அந்தச் சனியன எதுக்கு வீட்டுல வச்சிக்கிட்டு?"

உடைந்த சாமான் தரித்திரம், போகிக்குள் அது வாசலைத் தாண்டிவிடவேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். கல்கத்தாவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அதை விடவில்லை. குக்கர், மூடி, அது வந்த அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் நான் பத்திரமாக மடித்து வைத்த பில் எல்லாவற்றையும் அள்ளி, "பிக்ரி! பிக்ரி!" என்று கூவிக்கொண்டு போகும் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். நான் திரும்பி வரும்போது அது கண்ணில் படக்கூடாது என்ற பிரியத்தில்தான் செய்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வழக்குப் போடும் எண்ணம் ஆபீஸில் வந்தது. நுகர்வோர் சட்டத்தைப் பற்றி அப்போது ஆங்கிலப் பேப்பர்களில் அடிக்கடி வரும். வக்கீல் வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், நாமே நின்று பேசலாம் என்று போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நானே என் புகாரை டைப் அடித்தேன். ஒற்றைக் கண்ணுக்கு வரி தாவித் தாவிப் போனது. நஷ்டஈடு என்ற இடத்தில் ஏதோ கேட்டு வைத்தேன், கேட்காவிட்டால் மனுவை எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றதால். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான். தவறு இவளுடையது அல்ல என்று யாராவது முத்திரை குத்தி எழுதித் தரவேண்டும்.

"ஏட்டி, பொம்பள கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா நல்லாவா இருக்கு?" என்றார் அவர். "போன கண்ணு திரும்பி வரவா போகுது?"

"கண்ணு வராது. என் மேல தப்பில்லன்னு எழுதி வாங்கணும்."

"உன் மேல தப்புன்னு இப்ப யாரு சொன்னா?"

மெய்யாகவே கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நடந்த விசாரணை முழுக்க அவர் காதில் அனுதாபமாகத்தான் விழுந்திருந்தது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். பஸ்ஸில் எனக்குப் பார்வை இல்லாத பக்கமாகவே நின்றுகொள்வார், யாரும் இடித்துவிடக்கூடாது என்று.

அலிப்பூரில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் மாடியில் நுகர்வோர் மன்றம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். பக்கத்தில் உறுப்பினர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். அந்த அம்மாளைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது குக்கர் மூடியைப் பூட்டியிருப்பாள் அல்லவா. தலைவர் வராத நாளில் அடுத்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வருவோம். வந்த நாளில் எதிர்க்கட்சி வக்கீல் வரமாட்டார். சட்டப்படி சில மாதங்களில் முடிக்கவேண்டிய வழக்காம். என் மகள் இரண்டு வகுப்பு மேலே போனாள்.

வராந்தா பெஞ்சில் எங்களோடு எப்போதும் ஒரு ஹௌராக்காரர் இருப்பார், பள்ளிக்கூட வாத்தியார். காலுக்கிடையில் ஒரு சணல் பையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிக்கப் போனாலும் பையோடுதான் போவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். பையை விரித்துக் காட்டினார். குக்கர். நாங்கள் வாங்கிய அதே கம்பெனி. மூடி வளைந்து, உள்பக்கம் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"கழுவலையா?" என்றேன்.

"கழுவினால் எல்லாம் போய்விடும், திதி" என்றார், வங்காளி வழக்கப்படி என்னை அக்கா முறை வைத்து. அவர் மனைவி தீக்காய வார்டில் சில நாள் இருந்து இறந்துபோயிருந்தாள்.

எனக்கு அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் ஒருத்தி பொறாமைப்படுவாளா? பட்டேன். அவர் கையில் சாட்சி இருந்தது. என் கை வெறுங்கை.

எங்கள் முறை வந்தபோது கடைக்காரர் இவர்களுக்கு நான் எதுவும் விற்கவில்லை என்று ஒரே போடாகப் போட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, எங்கள் குக்கர் என்கிறீர்களே, அது எங்கே என்றார். பழைய சாமான்காரனிடம் என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இந்தா பாரு, சாட்சி! கம்பெனி பேரே தெரியுது!"

ஆயுத பூஜையன்று எடுத்த போட்டோ. இந்த ஊருக்கு அது நவமி. வெளியே பந்தலில் மேளம் பிளந்துகொண்டிருக்கும், உள்ளே நாங்கள் பலகை போட்டுச் சாமான்களை அடுக்குவோம். தையல் மெஷின், அரிவாள்மணை, மிக்ஸி, மகளின் புத்தகப்பை, அவருடைய பேனா, நடுவில் புதுக் குக்கர். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அவருடைய ஆபீஸ் நண்பர் கேமரா கொண்டுவந்து எடுத்துக் கொடுத்தார். கம்பெனிப் பெயர் பளிச்சென்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது பத்தாது என்று என் கணவர் ஸ்டுடியோவுக்குப் போய் அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கம்பெனி வக்கீல் போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டு, மூடியின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"சந்தனம்."

"குக்கரில் எந்த இடத்தில்?"

குனிந்து பார்த்தேன். வால்வின் மேல். மூடியில் பொட்டு வைக்க வாகான இடம் அதுதான். வட்டமாக, கொஞ்சம் எழும்பி, நெற்றி மாதிரி இருக்கும். கை தானாக அங்கேதான் போகும்.

"சேஃப்டி வால்வின் மேல்" என்றேன்.

"வைத்தது யார்?"

"நான்தான். மறுநாள் காலையிலேயே தேய்த்துக் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகும் தினமும் கழுவினேன். குக்கர் வெடித்தது பூஜை முடிந்து பல வாரம் கழித்து."

"கழுவியதற்குச் சாட்சி உண்டா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. பாத்திரம் கழுவியதற்கு எந்தப் பெண்ணிடம் சாட்சி இருக்கிறது? கல்யாணமான நாள்முதல் கழுவிய பாத்திரங்களை அடுக்கினால் துறைமுகத்து ஷெட் கொள்ளாது. அதில் ஒன்றுக்காவது யாராவது பக்கத்தில் நின்று பார்த்தார்களா? பெண் உறுப்பினரை நிமிர்ந்து பார்த்தேன். அவளும் கைக்குட்டையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வக்கீலைவிட அவள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அதிகம்.

"நாங்களும் பூஜை செய்கிறவர்கள்தான், மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வக்கீல் தலைவரைப் பார்த்து இளித்தார். "ஆனால் அடுப்பில் ஏற்றும் சாமானுக்குப் பூச்சுப் பூசுவதில்லை."

எனக்கு வந்ததே கோபம். "விஸ்வகர்மா பூஜைக்குத் துறைமுகத்தில் கிரேனுக்குச் சிந்தூரம் பூசுகிறீர்களே, கிரேன் வெடிக்கிறதா?" என்றேன். என் அரைகுறை வங்காளியில் சொன்னதால் அதற்கும் சிரித்தார்கள். இதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டாம் என்றார் தலைவர். சந்தனத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

புகார் தள்ளுபடி ஆயிற்று. சோதனைக்குப் பொருளை ஒப்படைக்கவில்லை. பாதுகாப்பு வால்வின் மேல் வெளிப்பொருளைப் பூசியதைப் புகார்தாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய கவனக்குறைவு விபத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. எந்த வரியை வாங்கப் போனேனோ, அதற்கு நேர்மாறான வரியை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னது வெறும் பேச்சு. இது உத்தரவு.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் அப்பமே சொன்னேன்லா, வால்வு மேல வைக்காதன்னு."

அப்படி அவர் சொல்லவே இல்லை. பூஜையன்று சாமான்களைப் பலகையில் அடுக்கியதே அவர்தான். குக்கரை நடுவில் வைத்தவரும் அவர்தான். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. உத்தரவைப் படித்த சற்று நேரத்துக்குள் அவர் ஞாபகமே மாறிப் போயிருந்தது. பயமாக இருந்தது. அழுகை வந்தது, கண் இல்லாத பக்கமும் அழுகிற மாதிரி எரிந்தது.

மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்தேன். இந்தத் தடவை அவரைக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தேதி வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே லீவு போட்டார். அங்கே வருஷங்கள் போயின. எனக்குக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். ஆபீஸில் டைப்ரைட்டர்களைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். கல்கத்தாவே கொல்கத்தா ஆயிற்று.

ஒரு நாள் ஹௌரா வாத்தியார் ஆபீஸுக்கு என்னைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பை இல்லை. அவருடைய குக்கரை அரசு சோதனைக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்திருந்தார்கள். கொதிக்கும்போது விசில் ஓட்டை அடைத்துக்கொண்டு குக்கருக்குள் சூடு மிஞ்சினால் வால்வில் இருக்கிற உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடவேண்டும். அவர் குக்கரில் அது உருகாத உலோகமாக இருந்தது. அந்த வகை வால்வுகள் எல்லாமே அப்படித்தான் என்று சந்தேகம் வந்து கம்பெனியே பிற்பாடு சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறது. அறிக்கையின் நகலை என் மேஜையில் வைத்தார்.

"எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டது, திதி. உங்களுக்கும் வரும்."

"சந்தோஷம்" என்றேன்.

"சந்தோஷம் என்று யாரிடம் போய்ச் சொல்ல?" என்றார். டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அறிக்கையைச் சேர்த்துக் கொடுத்தேன்; என் குக்கரும் அதே வகைதான் என்பதற்கு அந்தப் போட்டோவே சாட்சி ஆயிற்று. மாநில ஆணையத்தின் உத்தரவை வாங்கிக்கொண்டு வந்த அன்று வீட்டில் மின்சாரம் இல்லை. மங்கல் வெளிச்சத்தில் எனக்கு எழுத்துப் பிடிபடவில்லை. மகள்தான் பால்கனியில் நின்று வாய்விட்டுப் படித்தாள். வளர்ந்துவிட்டாள்; தமிழைவிட வங்காளி நன்றாக வரும், இங்கிலீஷ் அதைவிட. வெளியே பூசிய சந்தனம் உள்ளே இருக்கும் உலோகம் உருகுவதைத் தடுக்காது என்று எழுதியிருந்தது. அது பல வாரம் கழுவப்படாமல் இருந்ததாகக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதியிருந்தது. கடைசியில் அந்த வரி: புகார்தாரரிடம் எவ்விதக் கவனக்குறைவும் இல்லை.

"இன்னொரு தடவ படி" என்றேன். படித்தாள். கீழே இறங்கிப் போய்ப் பௌதிக்கும் வங்காளியில் எடுத்துச் சொன்னாள். பௌதி மேலே ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கணவர் இனிப்பு வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். கம்பெனி அதற்கு மேல் அப்பீல் போகவில்லை. வந்த நஷ்டஈட்டை அப்படியே மகள் கல்யாணத்துக்கு என்று பாங்கில் போட்டார். நான் மறுக்கவில்லை. எனக்கு வேண்டியது என் கையில் இருந்தது.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். நல்ல மனிதர்கள். பையன் மரியாதையானவன். வந்ததிலிருந்தே பையனின் அம்மா என் முகத்தைப் பார்ப்பதும் பார்வையை விலக்குவதுமாக இருந்தாள். நான் பஜ்ஜித் தட்டை நீட்டியபோது அவளால் அதற்குமேல் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னைக் கேட்காமல் என் கணவரைக் கேட்டாள்.

"மதினிக்குக் கண்ணுல என்ன, அண்ணாச்சி?"

"அதுவா? குக்கரு வெடிச்சிட்டு" என்றார் அவர், சாய்ந்து உட்கார்ந்து. "ஆயுத பூசைக்கு வால்வு மேல சந்தனத்த அப்பிட்டா. அது காஞ்சி அடைச்சிக்கிட்டு. சின்ன வயசு, கவனம் பத்தாது. ஆனா கம்பெனிக்காரன விட்டாளா? கேஸ் போட்டு ஜெயிச்சிட்டாள்லா!"

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் ஒத்துப்போகவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான் கவனமாத்தான் இருந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆர்டர்லயே எழுதியிருக்கு. பீரோவுல இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு மதினி, நாங்க என்ன கோர்ட்டா?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். அன்பாகத்தான் சிரித்தாள். கூட வந்தவர்களும் சிரித்தார்கள், என் கணவரும் சிரித்தார். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்து சூதானமா இருப்பேல்லா? குக்கர அடுப்புல ஏத்துறதுக்கு முன்ன வால்வ ஒரு தடவ பாத்துக்கிடணும், என்ன?"

என் மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவள் பக்கம் திரும்பி, "சரி அத்தை" என்றாள்.